அமெரிக்க ஃபுட்பாலில் டிஃபென்ஸைப் பின்னாலிருந்து படியுங்கள்

நான்கு டவுன், பத்து யார்டு, டச்டவுனுக்கு ஆறு புள்ளி. இவ்வளவு தெரிந்து என்எஃப்எல் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பந்து யார் கையில் இருக்கிறது என்பதைக் கண் தானாகப் பிடித்துவிடும். ஆனால் வர்ணனையாளர் "நிக்கலில் நிற்கிறார்கள்", "இது கவர் டூ" என்று சொல்லும்போது, எதிரில் நிற்கும் பதினொரு பேரும் ஒரே கும்பலாகத்தான் தெரிவார்கள். அந்தக் கும்பலைப் பிரித்துப் பார்க்க ஒரு வரிசை இருக்கிறது.

நான் படித்த ஆரம்பநிலை விளக்கங்கள் பெரும்பாலும் 4-3, 3-4 என்று முன்னால் நிற்பவர்களைக் குறிக்கும் எண்களில்தான் தொடங்குகின்றன. எனக்கு அந்த வழி உதவவில்லை. முன்வரிசையை எண்ணுவது நான்காவதாகச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முன் பார்க்க வேண்டியவர்கள், எல்லோருக்கும் பின்னால் தனியாக நிற்கும் சேஃப்டிகள். பந்தை வீசும் க்வார்ட்டர்பேக்குகளுக்கும் முதலில் சேஃப்டியைப் பார்க்கத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஏன் என்பதை நான்காம் படியில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் பெயர்கள்

டிஃபென்ஸில் மூன்று அடுக்கு. பந்துக்கு நேர் எதிரில், பெரும்பாலும் கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பவர்கள் டிஃபென்சிவ் லைன். நடுவில் டாக்கிள்கள், ஓரங்களில் எண்டுகள். அவர்களுக்கு நாலைந்து யார்டு பின்னால் லைன்பேக்கர்கள். பாஸைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களுக்கு எதிரே கார்னர்பேக்குகள், ஆகப் பின்னால் சேஃப்டிகள். கார்னர், சேஃப்டி இருவரையும் சேர்த்து டிஃபென்சிவ் பேக், சுருக்கமாக டிபி என்பார்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஃபென்ஸ் எப்படி நிற்க வேண்டும் என்று விதி கட்டுப்படுத்துகிறது. பந்து வைக்கப்பட்டிருக்கும் கோட்டில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். ஸ்னாப் நேரத்தில், அதாவது பந்தைப் பின்னால் கொடுத்துத் தொடங்கும் கணத்தில், ஒருவர் மட்டுமே நகர்ந்துகொண்டிருக்கலாம், அவரும் முன்னோக்கி நகரக் கூடாது. வழக்கமான ப்ளேக்களில் (ஒரு ஸ்னாப்பில் தொடங்கி முடியும் ஒரு முயற்சிதான் ப்ளே) டிஃபென்ஸுக்கு இப்படி எந்தக் கட்டும் இல்லை. கோட்டில் தன் பக்கம் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம், ஸ்னாப் வரை எப்படி வேண்டுமானாலும் இடம் மாறலாம். ஆகவே 4-3 என்பதெல்லாம் பயிற்சியாளர்கள் வைத்துக்கொண்ட பெயர்கள். "4-3 என்றார்களே, முன்னால் ஐந்து பேர் நிற்கிறார்களே" என்று திகைக்க வேண்டியதில்லை.

படி 1: எந்த டவுன், எத்தனை யார்டு

திரையில் ஸ்கோர் பட்டையைப் பாருங்கள். 3வது டவுனில் 8 யார்டு வேண்டுமென்றால் பாஸ் வரும் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். டிபிகள் அதிகமாக வருவார்கள். 1 யார்டு மட்டும் மீதியிருந்தால் கனமான ஆட்கள் முன்னால் அடைத்துக்கொண்டு நிற்பார்கள். அவ்வளவுதான், அடுத்ததற்குப் போகலாம்.

படி 2: ஆஃபென்ஸ் யாரை அனுப்பியிருக்கிறது

ஐந்து லைன்மேன்களும் க்வார்ட்டர்பேக்கும் நிரந்தரம். மீதி ஐந்து பேரில்தான் மாற்றம். இதற்கு இரண்டு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு: முதல் இலக்கம் ரன்னிங் பேக்குகளின் (பந்தை ஏந்தி ஓடுபவர்கள்) எண்ணிக்கை, இரண்டாவது டைட் எண்டுகளின் (லைனை ஒட்டி நின்று தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்கள்) எண்ணிக்கை. "11 பெர்சனல்" என்றால் ஒரு ரன்னிங் பேக், ஒரு டைட் எண்ட், ஆக மூன்று வைட் ரிசீவர்கள். "12" என்றால் இரண்டு டைட் எண்ட், இரண்டு ரிசீவர். "21" என்றால் இரண்டு ரன்னிங் பேக், ஒரு டைட் எண்ட், இரண்டு ரிசீவர்.

டிஃபென்ஸ் இதற்குப் பதிலாகத்தான் ஆட்களை மாற்றுகிறது. மூன்றாவது ரிசீவர் வந்தால் ஒரு லைன்பேக்கர் வெளியே போய் ஐந்தாவது டிபி உள்ளே வருவார். இதுதான் நிக்கல். ஆறாவது டிபியும் வந்தால் டைம். அமெரிக்காவின் 5 சென்ட், 10 சென்ட் நாணயங்களின் பெயர்கள் இவை.

இன்றைய என்எஃப்எல்லில் பாதிக்கு மேற்பட்ட ப்ளேக்களில் டிஃபென்ஸ் நிக்கலில்தான் நிற்கிறது. 4-3, 3-4 இரண்டும் நான்கு டிபிகளோடு நிற்கும்போது பொருந்தும் பெயர்கள். அதனால் ஒரு அணியை "3-4 அணி" என்று படித்துவிட்டு ஆட்டத்தைப் போட்டால், அந்த உருவத்தைப் பார்க்கவே நெடுநேரம் காத்திருக்க வேண்டி வரலாம்.

ஆஃபென்ஸ் ஆளை மாற்றினால், டிஃபென்ஸும் மாற்றிக்கொள்ள நடுவர்கள் நேரம் கொடுக்க வேண்டும். மாற்றாமலே ஆடிக்கொண்டிருந்தால் டிஃபென்ஸ் மாட்டிக்கொள்ளும். 1990-களின் தொடக்கத்தில் க்வார்ட்டர்பேக் ஜிம் கெல்லியின் பஃபலோ பில்ஸ் ஹடில் (ப்ளேக்கு முன் கூடிப் பேசுவது) போடாமலேயே அடுத்தடுத்து ஆடி, தொடர்ந்து நான்கு சூப்பர் பௌல் வரை போனதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. களைத்த ஆட்களும் பொருந்தாத ஆட்களும் வெளியே போக வழியே இருக்காது.

படி 3: பின்னால் எத்தனை பேர்

இதற்கு நேரம் கொடுங்கள். ஸ்னாப்புக்கு முன் கோட்டிலிருந்து சுமார் 10 யார்டுக்கு அப்பால் ஆழமாக நிற்பவர்களை மட்டும் எண்ணுங்கள். விடை பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு. எப்போதாவது பூஜ்யம்.

ஒருவர் மட்டும், மைதானத்தின் நடுவில் நின்றால்: கவர் 1 அல்லது கவர் 3. கவர் 1-இல் அவர் ஒருவர் ஆழத்தைக் காக்க, மற்றவர்கள் ஆளுக்கு ஆள் பிடிப்பார்கள். கவர் 3-இல் அவரும் இரு கார்னர்களும் ஆழத்தை மூன்று பங்காகப் பிரித்துக்கொள்வார்கள். சியாட்டில் சீஹாக்ஸ் இந்த கவர் 3-ஐ வைத்துத்தான் பெயர் வாங்கியது. நடுவில் எர்ல் தாமஸ் தனியாகவே பரந்த இடத்தை மூடியதால், ரிச்சர்ட் ஷெர்மன் போன்ற கார்னர்கள் ஓரத்தில் துணிந்து ஆட முடிந்தது. 2014 பிப்ரவரியில் சூப்பர் பௌலில் பெய்ட்டன் மேனிங்கின் டென்வர் அணியை 43-8 என்று சாய்த்தார்கள். கவர் 3-க்கு பலவீனம், சேஃப்டிக்கும் கார்னருக்கும் நடுவே நேராக மேலே ஓடும் இரண்டு தடங்கள்.

இருவர் நின்றால்: கவர் 2 அல்லது கவர் 4. கவர் 2-இல் இரு சேஃப்டிகளும் ஆழத்தை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்வார்கள், கார்னர்கள் கீழேயே இருப்பார்கள். கவர் 4-இல் கார்னர்களும் பின்வாங்கி, நால்வரும் ஆளுக்குக் கால் பங்கு காப்பார்கள். ஸ்னாப்புக்கு முன் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கார்னர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று பாருங்கள். ரிசீவருக்கு நெருக்கமாக நின்று கண்ணை உள்பக்கம் வைத்திருந்தால் கவர் 2 என்றும், ஏழெட்டு யார்டு தள்ளி நின்றால் கவர் 4 என்றும் ஊகிக்கலாம். எப்போதும் சரியாக வராது. ஆனால் தொடங்குவதற்கு இது போதும்.

கவர் 2-இல் இரு சேஃப்டிகளுக்கும் நடுவே ஒரு பெரிய ஓட்டை இருக்கும். நடு லைன்பேக்கர் பின்னோக்கி ஓடி அதை அடைப்பதுதான் டாம்பா 2. பயிற்சியாளர்கள் டோனி டன்ஜியும் மான்டே கிஃபினும் டாம்பா பே பக்கனியர்ஸில் இதைச் செம்மைப்படுத்தினார்கள். வேர் 1970-களின் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸில் இருக்கிறது, டன்ஜி அங்கே ஆடியவர். 2003 ஜனவரி சூப்பர் பௌலில் பக்கனியர்ஸ் ஓக்லண்ட் ரைடர்ஸின் க்வார்ட்டர்பேக் ரிச் கேனனிடமிருந்து ஐந்து இன்டர்செப்ஷன் (எதிரணியின் பாஸைப் பிடிப்பது) எடுத்து 48-21 என்று வென்றது. அப்போது தலைமைப் பயிற்சியாளர் டன்ஜி இல்லை, ஜான் க்ரூடன். ஆனால் டிஃபென்ஸைக் கிஃபின்தான் நடத்தினார்.

யாருமே ஆழத்தில் இல்லையென்றால் கவர் 0. எல்லோரும் ஆளுக்கு ஆள், மீதிப் பேர் எல்லாம் க்வார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வார்கள். அடுத்த மூன்று விநாடிக்குள் ஏதாவது பெரிதாக நடக்கும், கண்ணை எடுக்காதீர்கள்.

பின்னர் சேர்த்தது: "தொலைக்காட்சியில் சேஃப்டிகள் தெரிவதே இல்லையே" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒளிபரப்புக் கேமரா பந்தைச் சுற்றியே நெருக்கமாக நிற்கும், ஆழத்தில் நிற்பவர்கள் திரைக்கு வெளியே போய்விடுவார்கள். அதையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஸ்னாப்புக்குச் சற்று முன் படத்தை நிறுத்தி, தெரிகிற டிஃபென்ஸ் ஆட்களை எண்ணி 11-இலிருந்து கழியுங்கள். பத்துப் பேர் தெரிந்தால் பின்னால் ஒருவர், ஒன்பது பேர் தெரிந்தால் இருவர். சில சமயம் கார்னர் ஒருவரும் ஓரத்தில் வெட்டுப்பட்டிருப்பார், அதனால் இரண்டு ஓரங்களையும் முதலில் சரிபார்த்துவிட்டு எண்ணுங்கள்.

படி 4: முன்வரிசை, கூடவே அந்தக் கணக்கு

இப்போது முன்னால் வரலாம். 4-3 என்றால் நான்கு லைன்மேன், மூன்று லைன்பேக்கர். 3-4 என்றால் மூன்று, நான்கு. மீதி நால்வர் டிபிகள். 4-3-ஐ நிலைநிறுத்தியவர் டாம் லாண்ட்ரி. 1950-களில் நியூயார்க் ஜயண்ட்ஸின் டிஃபென்ஸ் அவர் பொறுப்பில் இருந்தது, நடு லைன்பேக்கர் சாம் ஹஃப். 1956 சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் சிகாகோ பேர்ஸை 47-7 என்று தோற்கடித்த அணி அது. 3-4-இன் ஒரு முன்னோடி 1972-இல் ஒரு ஆட்டம் கூடத் தோற்காத மயாமி டால்ஃபின்ஸ். பாப் மாத்திசன் என்ற லைன்பேக்கரை நான்காவது லைன்மேன் இடத்தில் கொண்டுவந்து, அவர் சட்டை எண்ணான 53-ஐயே அந்த ஏற்பாட்டுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். 1981-இல் ஜயண்ட்ஸுக்கு வந்த லாரன்ஸ் டெய்லர், 3-4-இன் வெளி லைன்பேக்கர் எவ்வளவு சேதம் செய்ய முடியும் என்று காட்டினார். 1986-இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்கு.

பலரும் சிக்குகிற இடம் இதுதான், நானும் இங்கே நெடுநாள் நின்றேன். லைன்மேன் என்றால் கையை ஊன்றுபவர், நிமிர்ந்து நிற்பவர் லைன்பேக்கர் என்று எண்ணினால் கணக்கு ஒவ்வொரு ப்ளேக்கும் மாறும். காரணம், ஓரத்தில் நின்று க்வார்ட்டர்பேக்கைத் துரத்துபவர் சில சமயம் கையை ஊன்றுவார், சில சமயம் நிமிர்ந்தே நிற்பார். பிட்ஸ்பர்க்கின் டி.ஜே. வாட் பட்டியலில் லைன்பேக்கர். ஆனால் பெரும்பாலான பாஸ் ப்ளேக்களில் அவர் செய்வது ஒரு டிஃபென்சிவ் எண்டின் வேலை. இன்று இவர்களை எட்ஜ் என்றே அழைக்கிறார்கள். ஆகவே கையைப் பார்க்காதீர்கள். கோட்டின் மேலே, ஆஃபென்ஸின் ஐந்து லைன்மேன்களுக்கு எதிரிலும் அவர்களுக்குச் சற்று வெளியிலும் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணுங்கள். நிக்கலில் ஒரு அணி தன்னை 4-2-5 என்று சொல்லும், இன்னொன்று 2-4-5 என்று சொல்லும் (கடைசி எண் டிபிகள்). களத்தில் இரண்டும் உள்ளே இரண்டு பெரிய ஆட்கள், வெளியே இரண்டு எட்ஜ் ஆட்கள், அவ்வளவுதான்.

அடுத்து இடைவெளிகள். ஆஃபென்ஸ் லைனின் நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டுகள், அவர்களுக்கு வெளியே டாக்கிள்கள் (டிஃபென்ஸ் டாக்கிள்கள் வேறு). சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே ஏ கேப், கார்டுக்கும் டாக்கிளுக்கும் நடுவே பி கேப், டாக்கிளுக்கு வெளியே சி கேப். இரு பக்கமும் இப்படி. ரன் ப்ளே என்பது இதில் ஒன்றைத் திறக்கும் முயற்சி. டிஃபென்ஸில் ஒருவருக்கு ஒரு கேப் என்று பிரித்துக்கொண்டால் அவர் நேராகப் பாய்ந்துவிடலாம். ஒருவரே இரண்டு கேப்பையும் பார்க்க வேண்டுமென்றால், முதலில் எதிராளியைக் கையால் நிறுத்தி, பந்து எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்து, பிறகு தள்ள வேண்டும். பழைய 3-4-இன் நடுவில் வின்ஸ் வில்ஃபோர்க் போன்ற மிகப் பெரிய உடல்கள் தேவைப்பட்டது இதனால்தான்.

"3-டெக்னிக்" என்று கேட்டால், கார்டின் வெளித் தோளுக்கு எதிரே நிற்பவர் என்று புரிந்துகொள்ளுங்கள். சென்டருக்கு நேர் எதிரே நின்றால் 0, டாக்கிளின் வெளித் தோள் என்றால் 5. பக்கனியர்ஸின் வாரன் சாப் 3-டெக்னிக்குக்கு நல்ல உதாரணம். மற்ற எண்களை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இப்போது அந்தக் கணக்கு. ஆஃபென்ஸ் 11 பெர்சனலில் நிற்கிறது. மூன்று வைட் ரிசீவர்களுக்கு மூன்று டிபிகள் போய்விட்டார்கள். பின்னால் இரண்டு சேஃப்டிகளை வைத்தால் பந்தைச் சுற்றியுள்ள பெட்டிக்கு மிஞ்சுவது ஆறு பேர். எதிரே தடுப்பவர்களும் ஆறு பேர்: ஐந்து லைன்மேன், ஒரு டைட் எண்ட். தடுப்பவருக்கு ஒருவர் என்று சரியாகிவிட்டதால், பந்தை ஏந்தி ஓடுபவரைப் பிடிக்கத் தனி ஆள் இல்லை. ஒரு சேஃப்டி கீழே இறங்கினால் பெட்டியில் ஏழு பேர், ரன் அடைபடும். ஆனால் ஆழத்தில் ஒருவர் குறைந்துவிட்டார். பயிற்சியாளர்கள் நாள் முழுக்க மல்லுக்கட்டுவது இந்த ஒரு ஆளுக்காகத்தான். முன்வரிசைக்கு எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பதைப் பின்வரிசை தீர்மானிக்கிறது. அதனால்தான் பின்னாலிருந்து படிக்கச் சொல்கிறேன்.

பெட்டியை நிரப்பினால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்பதற்கு 1985 சிகாகோ பேர்ஸைவிட நல்ல பாடம் இல்லை. அவர்களின் டிஃபென்ஸ் பயிற்சியாளர் பட்டி ரயனின் 46 டிஃபென்ஸ், சேஃப்டி டக் பிளாங்க் அணிந்த எண்ணால் வந்த பெயர். சென்டருக்கும் இரண்டு கார்டுகளுக்கும் நேர் எதிரே ஆள் நிறுத்தி, பெட்டியில் எட்டுப் பேரை அடைத்து, எங்கிருந்து யார் வருவார் என்று தெரியாமல் செய்தார்கள். சூப்பர் பௌலை 46-10 என்று வென்றார்கள். அந்தப் பருவத்தில் அவர்கள் தோற்ற ஒரே ஆட்டம் மயாமியிடம், 38-24. மயாமியின் க்வார்ட்டர்பேக் டான் மரினோ பந்தைச் சீக்கிரம் வீசிவிட்டார். மூன்றாவது ரிசீவரான நாட் மூர் உள்பக்கம் நின்றதால், அவரைத் துரத்தும் வேலை அதற்குப் பொருந்தாத ஆட்கள் மேல் விழுந்தது. இன்று மூன்று ரிசீவர் என்பது சாதாரணம், அதனால் 46-ஐ முழு நேரமும் யாரும் ஆடுவதில்லை.

படி 5: மேனா, ஸோனா

ஒரு ரிசீவர் ஸ்னாப்புக்கு முன் குறுக்கே நகரும்போது அவரைப் பார்க்காதீர்கள், எதிரில் இருந்தவரைப் பாருங்கள். அவர் கூடவே ஓடினால் பெரும்பாலும் மேன், அதாவது ஆளுக்கு ஆள். அவர் நின்ற இடத்திலேயே இருக்க, மற்றவர்கள் ஓரிரண்டு அடி மட்டும் நகர்ந்தால் ஸோன், இடத்துக்கு ஆள். ஆஃபென்ஸ் இவ்வளவு நகர்வு வைப்பதற்கு இதைத் தெரிந்துகொள்வதும் ஒரு காரணம்.

ஸ்னாப்புக்குப் பிறகு முதுகைக் கவனியுங்கள். மேனில் டிபியின் கண் தன் ஆள் மேல் இருக்கும், க்வார்ட்டர்பேக்குக்கு முதுகு காட்டி ஓடுவார். ஸோனில் முகம் பந்தின் பக்கம் இருக்கும். ரிசீவரைக் கையால் முட்டித் தடுப்பதும் பார்ப்பீர்கள். 1978 முதல் அது கோட்டிலிருந்து 5 யார்டுக்குள் மட்டுமே செல்லும்.

படி 6: எத்தனை பேர் வருவார்கள்

நான்கு பேர் பாய்வது வழக்கம். ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் பிளிட்ஸ். கிரிக்கெட்டில் ஃபீல்டு அமைப்பைப் பார்த்துப் பவுலர் என்ன போடுவார் என்று ஊகிக்கிறோமே, அதையே இங்கே பொய்யாகவும் காட்டுவார்கள். ஆறு பேர் கோட்டில் நின்று பயமுறுத்திவிட்டு, இருவர் பின்வாங்குவார்கள். பயிற்சியாளர் டிக் லெபோ வளர்த்தெடுத்த ஸோன் பிளிட்ஸ் இந்த வகைதான்: எதிர்பாராத ஒருவர் பாய்வார், பாய்வார் என்று நினைத்தவர் பாஸ் வழியில் போய் நிற்பார்.

2009 பிப்ரவரி சூப்பர் பௌலில் முதல் பாதியின் கடைசி ப்ளேயைத் தேடிப் பாருங்கள். லெபோவின் ஸ்டீலர்ஸ் அணியில் ஜேம்ஸ் ஹாரிசன் கோட்டின் ஓரத்தில் பாயத் தயாராக நிற்கிறார். ஸ்னாப் ஆனதும் உள்பக்கம் பின்வாங்குகிறார். அரிசோனாவின் கர்ட் வார்னர் வீசிய பந்து நேரே அவர் கைக்கு வருகிறது. 100 யார்டு ஓடி டச்டவுன். இறுதி ஸ்கோர் 27-23 என்பதை வைத்துப் பார்த்தால், அந்தப் பின்வாங்கலின் விலை புரியும்.

எதிர்த் துருவமும் உண்டு. 2025 பிப்ரவரி சூப்பர் பௌலில் விக் ஃபான்ஜியோ டிஃபென்ஸை நடத்திய பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ஒரு முறை கூட பிளிட்ஸ் செய்யவில்லை. நான்கு பேரை மட்டும் அனுப்பி, ஏழு பேரைப் பின்னால் வைத்துக்கொண்டே கான்சாஸ் சிட்டியின் க்வார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை ஆறு முறை சாக் செய்தது (பந்தை வீசும் முன்பே கோட்டுக்குப் பின்னால் வீழ்த்தியது). நிக்கலில் ஐந்தாவது டிபியாக ஆடும் கூப்பர் டிஜீன் ஒரு பாஸைப் பிடித்து 38 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். பாதி ஆட்டத்தில் 24-0, முடிவில் 40-22. டிஃபென்ஸ் படிக்கப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் ஆட்டம் இதுதான். பிளிட்ஸ் குழப்பம் இல்லாததால் பின்வரிசையை நிம்மதியாகப் பார்க்கலாம்.

எதை வைத்துப் பழகுவது

இருபத்திரண்டு பேரும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுத்த காட்சியை ஆல்-22 என்பார்கள். கட்டணச் சேவையில் கிடைத்தால் அதற்கே காசு கொடுங்கள், ஹைலைட்ஸ் தொகுப்புகளுக்கு வேண்டாம். ஹைலைட்ஸில் ஸ்னாப்புக்கு முந்தைய விநாடிகளைத்தான் முதலில் வெட்டுகிறார்கள், நமக்கு வேண்டியது அதுதான். மேடன் வீடியோ கேமின் பயிற்சிப் பகுதியும் நல்லது. கவர் 3-ஐத் தேர்ந்தெடுத்தால் யார் எந்த இடத்துக்குப் போவார் என்று களத்திலேயே வரைந்து காட்டும். சொற்பட்டியலை மனப்பாடம் செய்யும் செயலிகள் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நோட்டில் டவுன், டிபி எண்ணிக்கை, ஆழத்தில் எத்தனை பேர் என்று மூன்று கட்டம் போட்டு, ஒரு க்வார்ட்டர் மட்டும் நிரப்பிப் பாருங்கள்.

கேள்விகளுக்குப் பிறகு சேர்த்தவை

"கல்லூரி ஆட்டத்தில் ஆழத்தில் மூன்று பேர் நிற்கிறார்களே?" ஆம். அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2017 முதல் டிஃபென்ஸ் பயிற்சியாளர் ஜான் ஹீக்காக்கின் கீழ் மூன்று சேஃப்டி வைத்து ஆடி, பலர் அதைப் பின்பற்றினார்கள். நடுவில் நிற்பவரை மட்டும் கவனியுங்கள். ஸ்னாப் ஆனதும் அவர் முன்னால் ஓடி வந்தால் மற்ற இருவரோடு கவர் 2 போல, பின்வாங்கினால் கவர் 3 போலப் படித்துக்கொள்ளலாம்.

"சேஃப்டிகள் ஸ்னாப் ஆனதும் இடம் மாறுகிறார்கள், அப்படியென்றால் முன்கூட்டி எண்ணி என்ன பயன்?" இரண்டு பேரைக் காட்டிவிட்டு ஒருவரை இறக்குவது இன்று மிகப் பரவலான தந்திரம். ஆகவே இரண்டு முறை எண்ணுங்கள்: ஸ்னாப்புக்கு முன் ஒன்று, ஸ்னாப் ஆகி ஒரு விநாடி கழித்து ஒன்று. எண் மாறியிருந்தால் அதையும் நோட்டில் எழுதுங்கள். ஒரே அணியைத் தொடர்ந்து பார்த்தால், எந்த டவுனில் மாற்றுகிறார்கள் என்பது பிடிபட ஆரம்பிக்கும்.

"இவ்வளவையும் களத்தில் யார் சொல்கிறார்கள்?" டிஃபென்ஸில் ஒருவரின் ஹெல்மெட்டின் பின்புறம் பச்சைப் புள்ளி இருக்கும். 2008 முதல் அவர் காதில் பயிற்சியாளரின் குரல் கேட்கிறது, ப்ளே கடிகாரத்தில் (அடுத்த ஸ்னாப்புக்குள்ள நேரத்தைக் காட்டுவது) 15 விநாடி மீதமிருக்கும்போது அது துண்டிக்கப்படும். அதன் பிறகு அவர் கை அசைவுகளையும் கூச்சலையும் கவனியுங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃப்ரெட் வார்னர் லைன்மேன்களை இடம் மாற்றுவதைப் பார்த்தால், படி 4-இல் சொன்ன கேப்புகள் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பது நேரிலேயே தெரியும்.